தேகப் பயிற்சியும் திக்குவாயும்

திக்கிப் பேசும் மாணவன் ஒருவனைக் கண்டால் நம்மவருள் பெரும்பாலோர் வாளா இருப்பதில்லை. ஏதேனும் ஒரு புத்திமதி கூறியே தீர்வர். "அஞ்சாதே" என்பர் சிலர். "நிறுத்தி நிதானமாகப் பேசு" என்பர் வேறு சிலர். இவரெல்லாரினும் மிக்க உறுதியோடு பேசுவோர் தேகப் பயிற்சியில் நம்பிக்கையுடையோரே. "விடியலில் எழுந்து ஓடு, நாடோறும் தண்டால் எடு, கிணற்றில் இறங்கி நீந்து, மார்பு அகன்றால் மூச்சு வலுக்கும், மூச்சு வலுத்தால் நாத் தானே வழிக்கு வரும்" என்று அவர் கூறுவதைப் பள்ளிக்கூடத்து மைதானங்களிலும், வீட்டுத் திண்ணைகளிலும், ஆலய முற்றங்களிலும் கேட்டிருக்கின்றோம். கூறுவோர் அன்பினாலேயே கூறுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தேகப் பயிற்சி திக்குவாயைத் தீர்க்கும் மருந்தன்று என்பதும், அதனை மருந்தென்று சொல்லிக் கொடுப்பதால் திக்குவோனுக்கு ஒரு தீங்கும் விளைகின்றதென்பதும், அங்ஙனமாயினும் அவன் மைதானத்தை விட்டு நீங்கலாகாதென்பதும் எமது கருத்தாகும். இம்மூன்றும் ஒன்றோடொன்று முரணுவனபோலத் தோன்றலாம். முரணில்லை என்பதை மேலே கூறுவோம்.

முதற்கண் பெயர்களைச் சிறிது தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். திக்குவாய், தெற்றுவாய், கொன்னைவாய் எனத் தமிழிற் பல சொற்கள் வழங்குகின்றன. மக்கள் அவற்றை ஒன்றற்கொன்று மாற்றியும் வழங்குவர். தமிழ் வேதாகமத்தில் மோசே தன் குறையைத் தேவனிடம் முறையிடுமிடத்துத் 'திக்குவாய்' என்னும் சொல்லும், மாற்கு சுவிசேஷத்தில் கர்த்தரால் குணமடைந்த செவிடனைக் கூறுமிடத்துக் 'கொன்னைவாய்' என்னும் சொல்லும் வந்துள்ளன. எழுத்துக்களைத் திருத்தமாக ஒலிக்க மாட்டாமை வேறு, திக்குதல் வேறு. திக்குவோன் எழுத்துக்களை ஒலிக்க அறிவான். தான் சொல்ல வேண்டுவது இன்னதென்பதையும் நன்கறிவான். ஆயினும் ஒரு சொல்லின் முதலொலிக்கு வருங்கால், அவ்வொலி மீண்டு மீண்டு வரும்; அல்லது நீண்டுகொண்டே போகும்; அல்லது வாய் திறந்தபடியிருக்க ஒலியே எழாது அடைபட்டு நிற்கும். இம்மூன்றனுள் இறுதியிற் கூறிய அடைப்பே கொடியது. பார்ப்போர்க்கு அஃது இன்னதென்று விளங்குவதுமில்லை. பையன் விடை தெரியாமல் விழிக்கின்றான் என்றே எண்ணிவிடுவர்.

இக்குறை பெரும்பாலும் இரண்டு வயதிற்கும் ஐந்து வயதிற்கும் இடையே தோன்றுவது. குழந்தைகளுள் நூற்றுக்கு ஐவர்க்குக் குறையாமல் ஒரு பருவத்தில் இஃது உண்டாகின்றதென்றும், அவர்களுள் நால்வரில் மூவர் அளவில் பிறகு தெளிந்துவிடுகின்றனரென்றும், வயது வந்தோருள் நூற்றுக்கு ஒருவர் அளவில் நிலைத்துவிடுகின்றதென்றும் மருத்துவர் கணக்கிட்டுள்ளனர். வயது வந்தோருள் பெண் ஒருவர்க்கு ஆண் நால்வர் என்பது ஏறக்குறைய உள்ள விகிதம். இக்கணக்கின்படி இரண்டாயிரம் பேர் பயிலும் ஒரு கல்லூரியில் இருபதின்மர் இருத்தல் கூடும். அவ்விருபதின்மரை நாம் அறியோமாயின், அவர்கள் பேசாதிருக்கக் கற்றுக்கொண்டனர் என்றே கொள்ள வேண்டும். கடினமான சொல்லை விலக்கி எளிய சொல்லைப் பெய்து பேசுவதில் அவர்கள் பெரும் புலவர்கள். தம் பெயர் ஒன்றற்கு மட்டும் வேறு சொல் இன்மையால், பெயரைக் கேட்கும்போதே பெரிதும் இடர்ப்படுவர்.

இனி ஒன்று கவனிக்கத்தக்கது. வகுப்பில் தன் பெயரைச் சொல்ல இயலாது நின்ற அதே மாணவன், ஆலயத்தில் ஞானப்பாட்டுப் பாடும்போது ஓரிடத்தும் திக்குவதில்லை. சபையாரோடு சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போதும் திக்குவதில்லை. தனியறையில் தனக்குத் தானே பேசும்போதும், மடியிலிருக்கும் கைக்குழந்தையோடு கொஞ்சும்போதும் பெரும்பாலும் தடையே இல்லை. பாடிய நாவும் பேசிய நாவும் ஒன்றே. பாடிய மார்பும் பேசிய மார்பும் ஒன்றே. நாவிலோ மார்பிலோ வலுவில்லாமை காரணமாயின், பேச்சினும் மிக்க மூச்சை வேண்டுகின்ற பாட்டிலன்றோ முதலில் தடை உண்டாகவேண்டும்! இவ்வொன்றை மனத்திற் கொண்டாலே, தசையை வலுப்படுத்தித் திக்குவாயை ஓட்டிவிடலாம் என்னும் எண்ணம் பெரிதும் தளர்ந்துவிடும்.

அவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? நம் மாணவர்க்கு இது முதன்முதலாகக் கிடைப்பது, பள்ளிப் பாடப் புத்தகத்திலுள்ள டெமாஸ்தனிஸ் சரித்திரத்திலிருந்தே. கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த அக்கிரேக்கப் பேச்சாளர், கூழாங்கற்களை வாயிலடக்கிப் பேசிப் பழகினார் என்றும், ஓடும்போதும் செங்குத்தான மேட்டில் ஏறும்போதும் மூச்சிரைக்க இரைக்கப் பாக்களையும் சொற்பொழிவுகளையும் சொல்லிப் பழகினார் என்றும் புளூட்டார்க் எழுதிவைத்தனர். முதுமையில் அவர் தம் வாயாற் கூறக் கேட்டதாகப் பலேரம் ஊரினராகிய டெமெட்ரியஸ் சொன்ன செய்தி இது என்றும் அவர் குறிக்கின்றனர். ஆனால் அவருக்கு இருந்த குறை யாது? மூச்சுப் போதாமை, தெளிவின்மை, மழலைபோன்ற ஒலிப்பு என்பனவே அங்குக் கூறப்படுவன. தாம் பயின்ற கலையின் பெயரிலுள்ள முதலெழுத்தையே அவர் சொல்ல மாட்டாதிருந்தார் என்று சிசரோ கூறுவதும், ரகரம் போன்ற ஓரெழுத்து வாராமையையே காட்டும். அவரைத் திக்குவாயர் என்று துணிதற்கு இவை போதா. மேலும், சாடிரஸ் என்னும் நடிகர் அவர்க்குப் பேசிக் காட்டிக் கற்பித்ததும், தலையின் ஒரு பாதியை மழித்துக்கொண்டு வெளியே தலைகாட்ட நாணி நிலவறையில் மாதக்கணக்காய்ப் பயின்றதும் அதே சரித்திரத்தில் உள்ளன. பாடப் புத்தகம் எழுதுவோர்க்குக் கல்லும் ஓட்டமுமே சுவையாயிருந்தன போலும்.

இடைக்காலத்தில் நாவையே குற்றவாளியாக்கினவர் பலர். பேக்கன் என்னும் ஆங்கில அறிஞர் நா குளிர்ந்திருத்தலே காரணமென்று கருதி, அளவான திராட்சரசம் உதவும் என்றார். அவர் இறந்தபின் 1627-ஆம் ஆண்டில் வெளியான நூலில் இக்கருத்து உள்ளது. 1841-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து இரண வைத்தியராகிய டீபென்பாக் என்பவர் திக்குவோரது நாவின் அடியில் ஒரு துண்டை வெட்டியெடுத்தார். மயக்க மருந்து வழக்கத்திற்கு வாராத காலம் அது! நம் நாட்டிலும் வசம்பை உரைத்துக் குழந்தையின் நாவிற் றடவும் வழக்கம் முற்றும் ஒழியவில்லை. இவற்றோடு ஒப்பிட, ஓடு என்றும் நீந்து என்றும் சொல்லுதல் எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

தேகப் பயிற்சியை வெளிப்படையாகவே திக்குவாய்க்கு மருந்தாக விதித்தவருள் நம்போன்ற மிஷன் கல்லூரிகளோடு ஒருவகை உறவுடையார் ஒருவர் உளர். அவர் சார்லஸ் கிங்ஸ்லி (1819–1875). எவர்ஸ்லி என்னும் சிற்றூரில் குருவாயிருந்தவர், நாவலாசிரியர், விக்டோரியா மகாராணியாரின் குருமாருள் ஒருவர், இளமை முதல் திக்கியவர். ஜேம்ஸ் ஹண்ட் என்னும் பேச்சுச் சிகிச்சையாளரிடம் சென்று பயன்பெற்ற இவர், 1859-ஆம் ஆண்டில் 'பிரேஸர்ஸ் மாகஸீன்' என்னும் பத்திரிகையில் தம் பெயரைக் காட்டாது ஒரு கட்டுரை எழுதினார். அதிலே திக்குவோனுக்குக் குதிரையேற்றம், படகு வலித்தல், பந்தாட்டம் முதலியவற்றையும், அவற்றினும் மேலாகக் குத்துச்சண்டையையும் விதித்தார். இவரைப்போன்றாரது கொள்கைக்குத் 'தசைவலிக் கிறிஸ்தவம்' என்று பொருள்படும் ஒரு பெயரை 1857-ஆம் ஆண்டில் ஒரு மதிப்புரைகாரர் நகையாடலாகச் சூட்டினர், பெயர் நிலைத்துவிட்டது. அக்கொள்கை கப்பலேறி நம் நாட்டு மிஷன் பள்ளிகளுக்கும் வந்தது. ஜெபாலயத்தருகே விளையாட்டு மைதானம் இருப்பதும், 1920-ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் தேகப்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியதும் அம்மரபின் கிளைகளே. அம்மரபினால் நாம் பெற்ற நன்மை பெரிது. அதனைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று.

ஆனால் கிங்ஸ்லியின் வாழ்க்கையையே சான்றாக வைத்துப் பாருங்கள். மீன்பிடித்தல், குதிரையேற்றம், நெடுநடை ஆகியவற்றில் மிக்க விருப்பமுடைய அவருக்குத் திக்குவாய் முற்றும் ஒழியவில்லை. பிரசங்க பீடத்தில் நின்றபோது தடையின்றிப் பேசினவர், நண்பரோடு உரையாடும்போது திக்கினார். பீடத்தில் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் அவருடைய நுரையீரல் மாறிவிடவில்லை. ஹண்ட் என்பவரிடம் சென்றவருள், ஆலிஸ் கதையை எழுதிய லூயி கரோல் என்னும் ஆக்ஸ்போர்டு கணித ஆசிரியரும் ஒருவர். அவரும் நெடுந்தூரம் நடப்பதில் வல்லவர். அவரும் இறுதிவரை திக்கியவரே.

இவ்விருவரினும் தெளிவான சான்று ஆறாம் ஜார்ஜ் மன்னர். அவர் யார்க் கோமகனாயிருந்தபோது, 1926-ஆம் ஆண்டு விம்பிள்டன் டென்னிஸ் பந்தயத்தில் லூயி கிரெய்க் என்பவரோடு இரட்டையர் ஆட்டம் ஆடினார். முதற் சுற்றிலேயே தோற்றனர், அது பெரிதன்று. அரச குடும்பத்தார் ஒருவர் அப்பந்தயத்தில் ஆடுமளவிற்குத் தேகத் திறமை பெற்றிருந்தனர் என்பதே இங்கு வேண்டுவது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1925 அக்டோபர் 31-ஆம் நாள் வெம்பிளி பொருட்காட்சியின் முடிவில் அவர் ஆற்றிய சொற்பொழிவு, கேட்டோர்க்கும் அவர்க்கும் ஒருங்கே துன்பமாய் முடிந்தது. டென்னிஸ் மட்டையைப் பிடித்த கை அன்று உதவவில்லை. 1926 அக்டோபரில் ஆஸ்திரேலியராகிய லயனல் லோக் என்பவரிடம் சென்ற பிறகே மாறுதல் உண்டாயிற்று. லோக் மூச்சுப் பயிற்சியும் கற்பித்தார் என்பது மெய்யே. ஆனால் அத்தோடு நின்றாரல்லர். சொற்பொழிவுகளை முன்கூட்டியே வரிவரியாய்ப் பார்த்து, இடறும் சொற்களை மாற்றி, ஒத்திகை செய்து, பல ஆண்டுகள் நண்பராய் உடனிருந்தார். 1939 செப்டம்பர் 3-ஆம் நாள் யுத்தம் தொடங்கியதை மன்னர் வானொலியில் அறிவித்தபோதும் லோக் அருகில் நின்றார். திக்குவாய் அப்போதும் போய்விடவில்லை. அதனோடு பேசக் கற்றிருந்தார் மன்னர்.

அமெரிக்க நாட்டுக் கூடைப்பந்து வீரர் பாப் லவ் என்பாரது வரலாறு இதனினும் நெஞ்சை உறுத்துவது. 1942-ஆம் ஆண்டில் லூயிசியானாவில் பிறந்த இவர், சிகாகோ புல்ஸ் குழுவில் ஆடி, 1971, 1972, 1973 ஆகிய மூன்றாண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் வரிசையில் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேகப் பயிற்சி என்பது இதற்கு மேல் ஒருவனுக்கு வாய்த்தலரிது. ஆயினும் அவர் கடுமையாகத் திக்கினார். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்காரர் அவரை விட்டு மற்றவரை நாடிச் சென்றனர். மைதானத்தை விட்டு நீங்கியபின், கல்லூரிப் பட்டமும் நாடறிந்த பெயரும் இருந்தும், நேர்முகத்தில் பேச இயலாமையால் நல்ல வேலை கிடைக்கவில்லை. 1984-ஆம் ஆண்டில் சியாட்டில் நகரத்துப் பெருங்கடை ஒன்றின் உணவுச்சாலையில் மணிக்கு 4.45 டாலர் கூலிக்கு மேசை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் அமர்ந்தார். உண்ண வந்தோர் அவரை அடையாளங் கண்டு தமக்குள் பேசிக்கொள்வது அவர் காதில் விழும். அவருடைய உழைப்பைக் கண்ட அந்நிறுவனத்தார் பேச்சுச் சிகிச்சைக்குத் தாமே பணம் செலுத்த முன்வந்தனர். நாற்பது வயதைக் கடந்தபின் சிகிச்சையாளர் ஒருவரிடம் பயின்று, அந்நிறுவனத்திலேயே உயர்ந்து, 1992-ஆம் ஆண்டில் தம் பழைய குழுவிற்கே பொதுமக்கள் தொடர்பு அலுவலராய்த் திரும்பினார். பேசுதலே அவ்வேலை! பள்ளிதோறும் சென்று பிள்ளைகளுக்குச் சொற்பொழிவாற்றிய அவர் 2024-ஆம் ஆண்டில் காலமானார். ஆண்டுக்கணக்காய் ஓடியும் குதித்தும் பெறாததொன்றைச் சிகிச்சை அறையில் அவர் பெற்றனர்.

எனினும் மூச்சுக்கும் பேச்சுக்கும் தொடர்பில்லையோ எனின், உண்டு. வாளா இருக்கும்போது நாம் மூச்சை உள்வாங்கும் நேரமும் வெளிவிடும் நேரமும் ஏறக்குறைய இரண்டுக்கு மூன்றாக இருக்கும். பேசும்போது ஒன்றுக்கு ஒன்பது என்னுமளவிற்கு வேறுபடும். விரைவாக வாங்கி, சிறுகச் சிறுக விட்டு, அவ்வெளிமூச்சின்மேல் சொற்களை ஏற்றுகின்றோம். ஆனால் இதற்கு வேண்டிய காற்றின் அளவு மிகுதியன்று. நுரையீரல் கொள்வதில் ஒரு சிறு பகுதியே போதும். நோயாற் படுக்கையிற் கிடக்கும் முதியவரும் தெளிவாகப் பேசுவதைக் காண்கின்றோமன்றோ? வேண்டுவது அளவன்று, இணக்கம். மூச்சும், குரல்வளையும், நாவும், உதடும் நொடியில் ஒரு சிறு கூறும் பிசகாது ஒன்றன்பின் ஒன்று தொழிற்படவேண்டும்.

இங்கே பயில்வான்கள் சிந்திக்கத்தக்க ஒன்று உளது. நெற்மூட்டையைத் தூக்குவோன் மூச்சை உள்ளடக்கிக் குரல்வளையை மூடிக்கொண்டு வயிற்றை இறுக்குகின்றான். பாரம் தூக்குதற்கு உடல் தானே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அடைப்பில் அகப்பட்ட திக்குவாயர் ஒருவரை உற்று நோக்கின், ஏறக்குறைய அதே தோற்றத்தைக் காணலாம்: கழுத்து நரம்பு புடைக்கும், மூச்சு நிற்கும், மார்பு கல்லாகும். ஒரு சொல்லை நெற்மூட்டையைப்போலத் தூக்க முயல்கின்றார் அவர். அமெரிக்க வழக்கறிஞரும் தாமே திக்குபவருமாகிய வில்லியம் பாரி என்பார் இவ்வொற்றுமையை வைத்தே ஒரு கொள்கை வகுத்துள்ளார். அது நிறுவப்பட்ட முடிபன்று. ஆயினும் ஒன்று அதனாற் புலனாகின்றது. "இன்னும் முயன்று சொல், பலமாகச் சொல்" என்று தூண்டுவது, மூடிய கதவை உட்புறமாக நின்று மேலும் அழுத்துவதாகவே முடியும். ஆகவே பயிற்சிகளுள்ளும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. நீரில் மூச்சை ஒழுங்காக வெளிவிட்டு நீந்துதலும், இளைப்பின்றி நெடுந்தூரம் ஓடுதலும், பல்லைக் கடித்து மூச்சையடக்கி எடை தூக்குதலினும் அவனுக்கு இதமாக இருக்கும் என்பது எமது எண்ணம். எடை தூக்கினும், தூக்கும்போது மூச்சை விடுமாறு நல்ல பயிற்சியாளர் எவரும் சொல்லித்தருவர்.

திக்குவாயின் வேர் தசையில் இல்லையாயின் எங்குள்ளது? 2002-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் 'லான்ஸெட்' என்னும் மருத்துவப் பத்திரிகையில், நிலைத்த திக்குவாயுடையோரது இடப்புற மூளையில், நாவையும் குரல்வளையையும் இயக்கும் பகுதியின் அடியிலுள்ள நரம்பிழைகளின் அமைப்பில் ஒரு வேறுபாட்டைக் காட்டினர். 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர், பாகிஸ்தான் நாட்டுக் குடும்பங்கள் முதலியவற்றை ஆராய்ந்து, மூன்று மரபணுக்களில் உண்டாகும் மாறுதல்கள் சிலரிடத்துத் திக்குவாயோடு தொடர்புடையன என்று வெளியிட்டனர். எல்லாத் திக்குவாயரையும் அவை விளக்கமாட்டா. ஆயினும் இது குடும்பவழி வருதல் உண்டென்பதும், தாய் தந்தையரின் வளர்ப்புக் குற்றத்தாலோ பிள்ளையின் சோம்பலாலோ தோன்றுவதன்று என்பதும் ஐயத்திற்கிடமின்றித் தெளிந்துவிட்டன.

"எங்கள் தெருவில் ஒரு பையன் நீந்தப் பழகினான், ஓராண்டில் திக்குவாய் போயிற்று, இதற்கென் சொல்வீர்?" என்று ஒருவர் கேட்கலாம். நால்வரில் மூவர்க்குச் சிறுவயதில் எப்படியும் தெளியும் ஒரு குறைக்கு, தெளிவதற்குச் சற்று முன் எது செய்யப்பட்டதோ அதற்கே புகழ் சேரும். நீந்தினவன் நீச்சலைப் புகழ்வான். வசம்பு தடவின பாட்டி வசம்பைப் புகழ்வாள். பொருத்தனை செய்தவர் வேளாங்கண்ணிக்குப் போவர். தெளியாத நான்காமவன் கதையை எவரும் தெருவில் நின்று சொல்வதில்லை.

அந்நான்காமவனை முன்னிட்டே நாம் இதனை எழுதுகின்றோம். மருந்தென்று நம்பி அவன் விடியற்காலை எழுந்து ஓடுகின்றான். ஆறு மாதம் கழிந்தும் திக்குகின்றான். அப்போது அவனைச் சூழ்ந்தோர் மருந்தைக் குறைகூறுவதில்லை. "ஒழுங்காக ஓடியிருக்கமாட்டாய்" என்று அவனையே குறைகூறுவர். அவனும் அதனை நம்பிவிடுவான். நரம்பமைப்பிலுள்ள ஒன்றனை மனவலியின்மையாகவும் ஆண்மைக் குறைவாகவும் மாற்றிவிடுகின்ற இக்கொடுமையே யாம் முன்னர்த் தீங்கு எனக் குறித்தது. அன்றியும், ஓடுவதிலேயே ஆண்டுகள் கழிந்தால் சிகிச்சைக்குரிய காலம் வீணாகும். பள்ளி செல்லுமுன் உள்ள சிறு பிள்ளைகளுக்கு, ஆஸ்திரேலியாவில் தோன்றிய லிட்கம் முறை போன்றவை நற்பயன் தருகின்றன. சிகிச்சையாளர் வழிகாட்டத் தாயோ தந்தையோ வீட்டிலேயே நாள்தோறும் நடத்தும் முறை அது. பெரியவர்க்கும் மென்மையாக ஒலியைத் தொடங்கும் பயிற்சியும், தாமும் திக்கியவராகிய சார்லஸ் வான் ரைப்பர் (1905–1994) வகுத்ததுபோல அஞ்சாது எளிதாகத் திக்கிப் பேசும் பயிற்சியும் உள்ளன. மைசூரில் 1960-களில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிலையம் நமக்குத் தொலைவிலன்று. அங்கும் பிறவிடங்களிலும் பயின்ற சிகிச்சையாளர் நம் பெரிய நகரங்களிலும் உளர்.

அங்ஙனமாயின் மைதானம் எதற்கு? அச்சம் திக்குவாயின் காரணமன்று. ஆனால் அதற்கு எண்ணெய் வார்ப்பது அச்சமே. மூன்றாம் பெஞ்சிலிருப்பவன் எழுந்து வாசிக்கும்போதே ஐந்தாம் பெஞ்சிலிருக்கும் திக்குவோனுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். ஒழுங்கான தேகப் பயிற்சி மனக்கலக்கத்தைத் தணிக்கும், உறக்கத்தைத் தரும் என்பவை மருத்துவர் ஒப்புக்கொண்டவை. இளைஞர் எல்லார்க்கும் பொதுவாகிய இந்நன்மை, நாள் முழுதும் அஞ்சி வாழ்பவனுக்குச் சற்று மிகுதியாகவே வேண்டும். இதனினும் பெரியது, மைதானத்தில் ஒருவனது மதிப்பு அவன் நாவைப் பொறுத்ததன்று என்பது. பந்தைத் தடுத்தானா, ஓட்டத்தில் முந்தினானா என்பதே அங்குக் கேள்வி. தோழமை அங்கே பேச்சின்றியே உண்டாகும். அத்தோழரிடத்தில் பேசுதல் பிறகு எளிதாகும். ஆயினும் மைதானமே மறைவிடமாகிவிடவும் கூடும். பாப் லவ் என்பார்க்குப் பந்து பேசியவரையில் அவர் பேசவேண்டியிருக்கவில்லை. பந்து கைவிட்டுப் போன அன்று வேறு வழியில்லாது நின்றனர். ஆதலின் பிள்ளை விளையாட்டில் சிறந்துவிட்டான், இனிப் பேச்சைப்பற்றிக் கவலையில்லை என்று பெற்றோர் ஓய்ந்திருத்தல் தவறு.

நம் ஆட்டங்களுள் சடுகுடு ஒன்றைப்பற்றித் தனியே சொல்லவேண்டும். எதிரணியின் எல்லைக்குட் புகுவோன் ஒரே மூச்சில் விடாது பாடிச் செல்லவேண்டும். பாட்டு நின்றால் ஆட்டமிழந்தான். திக்குவோனுக்கு இதனினும் கொடிய சோதனை வேறில்லை என்று எண்ணத் தோன்றும். மைதானத்தில் நிகழ்வதோ அதற்கு மாறு: தன் பெயரைச் சொல்ல முடியாதவன் தடையின்றிப் பாடித் தொட்டுவிட்டுத் திரும்புகின்றான். இதில் வியப்பில்லை. தாளத்திற்கு அமைந்த பேச்சில் திக்குதல் பெரிதும் மறைந்துவிடுமென்பது சிகிச்சையாளர் நெடுங்காலமாக அறிந்தது. தாளக்கருவி ஒன்றன் தட்டுக்குத் தக ஒவ்வோரசையாகப் பேசுவித்தலும் ஒரு பழைய முறை. ஆனால் தாளம் நின்றதும் பழைய திக்குவாய் திரும்பிவிடும். சடுகுடு பாடினவன் மறுநாள் வகுப்பில் "உள்ளேன் ஐயா" என்பதற்குள் ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போய்விடுகின்றார், வந்தவன் வராதவனாகின்றான். "நேற்று அவ்வளவு தெளிவாகப் பாடினாயே, இன்று நடிக்கின்றாயோ?" என்று கேட்போரும் உளர். நடிப்பன்று, குறையின் இயல்பே அது.

தேகப் பயிற்சியே சில வேளை திக்குவோனுக்குக் கண்ணியாவதையும் இங்குக் கூறாது விடல் தகாது. டிரிலில் வரிசையாக நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொருவனையும் எண் சொல்லச் செய்கின்றோமன்றோ? தன் எண்ணுக்கு வேறு சொல் இல்லை. தன் முறையைத் தள்ளிப்போடவும் வழியில்லை. ஒரு நொடி தாமதித்தால் வரிசை முழுதும் திரும்பிப் பார்க்கும். எட்டு என்று சொல்ல அஞ்சி, முன்னும் பின்னும் ஆள்களை எண்ணி, இடம் மாறி நிற்பவன் உண்டு. அதுவும் இயலாதபோது டிரிலுக்கே வாராது நின்று, சோம்பேறி என்று பெயரெடுப்பவனும் உண்டு. அவனைத்தான் பிறகு அழைத்து, ஓடினால் திக்குவாய் போகும் என்று புத்தி சொல்லுகின்றோம்!

இதனை மாற்றுதற்கு நிதியும் வேண்டா, சட்டமும் வேண்டா. அணிவகுப்பில் எண் சொல்லுவதற்கு மாறாகக் கையுயர்த்தச் செய்யலாம். அல்லது தலைவன் ஒருவனே எண்ணிக்கொண்டு செல்லலாம். வருகைப் பதிவிலும் கையுயர்த்தலை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒருவனுக்கு மட்டும் இதனை விதித்து அவனைச் சுட்டிக்காட்டுதல் கூடாது. வகுப்பு முழுமைக்கும் பொதுவாக இருத்தல்வேண்டும். வாய்மொழித் தேர்வில் அவனுக்கு நேரம் கூட்டித் தரலாம். அவன் சொல்லில் நிற்கும்போது நாம் அதனை முடித்துக் கொடாமல், அவன் முகத்தைப் பார்த்தபடியே காத்திருக்கலாம். நொடிகள் சிலவே செல்லும். மாணவர் மன்றத்தில் பேச விரும்பினால் பேசவும், விரும்பாவிடின் இரக்கம் என்னும் பெயரால் மேடையேற்றாமலும் விடலாம். அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவிற்கு அணிவகுப்புப் பழகத் தொடங்கும் முதல் நாளிலேயே எண் சொல்லும் வழக்கத்தை நீக்கிப் பார்க்கும்படி நம் தேகப்பயிற்சி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.